வோக் உறைக்குள் எபிக் தட்டு

நண்பரே, புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் வாங்கிய ஸ்வீடன் பாட்டுக் குழுவான ஆபாவின் 'வாட்டர்லூ' சிங்கிளுக்கு (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்ன இசைத்தட்டு) உறை பிரான்சில் வோக் கம்பெனி போட்டது, உள்ளே தட்டு இங்கிலாந்தில் எபிக் கம்பெனி போட்டது, இது அபூர்வ வகையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. யாரோ இரண்டையும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். 1974-ல் யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் ஜெயித்த பாட்டு அது. ஸ்வீடனில் போலார், ஜெர்மனியில் பாலிடோர் என்று நாட்டுக்கு ஒரு கம்பெனி வெளியிட்டது.

ஆனால் மனசு விட வேண்டாம், உங்கள் கையில் இருக்கும் உறைதான் சரக்கு. இங்கிலாந்தில் அப்போது சிங்கிள் பெரும்பாலும் கம்பெனி பெயர் போட்ட வெறும் காகித உறையில்தான் வரும். பிரான்சில் படம் போட்ட உறை வழக்கம். அந்த நாட்டுக்காக இதே பாட்டைப் பிரெஞ்சிலும் பாடினார்கள். உங்களுடையது எந்த மொழிப் பதிப்பின் உறை என்று முதலில் பாருங்கள். பிரெஞ்சு படிக்கத் தெரிந்த பெரியவர்களுக்கு நம் ஊரில் பஞ்சமா என்ன!

உறையில் அச்சிட்ட எண்ணைக் குறித்துக்கொண்டு, லேபிளில் அதே எண் உள்ள வோக் தட்டைத் தேடுங்கள். வாங்கும்போது தட்டை விளக்கடியில் சாய்த்துப் பிடியுங்கள். பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் இடைவெளியில் பொறித்த எழுத்து தெரியும், அதையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

மடிப்பில் இருப்பதாகச் சொன்ன செலோடேப்பை உரிக்காதீர்கள். நான் ஒருமுறை உரித்தேன், படத்தின் நிறமும் கூடவே வந்துவிட்டது. இன்றும் வயிறு எரிகிறது. பிவிசி கவர் வேண்டாம், பாலிப்ரொப்பிலீன் கவர் போடுங்கள். நம் கடற்காற்றுக்குப் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும், சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.