ஃபுல்டன் உரைக்கு 80 ஆண்டு: கேள்விகளும் பதில்களும்

1946 மார்ச் 5 அன்று அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஃபுல்டன் என்ற சிறிய ஊரில், வெஸ்ட்மின்ஸ்டர் கல்லூரியில், பிரிட்டனின் போர்க்காலப் பிரதமராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் பேசினார். சோவியத் பிடியில் இருந்த கிழக்கு ஐரோப்பாவை மேற்கிலிருந்து பிரித்த எல்லையைக் குறிக்கும் ‘இரும்புத்திரை’ என்ற சொல்லை உலகம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்த பேச்சு அது. 2026 மார்ச்சில் அதற்கு 80 ஆண்டு நிறைகிறது. இருபது வருடத்துக்கும் மேலாக வகுப்பில் இந்த உரையை நடத்தியவன் நான். நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன்.

சர்ச்சில் மாதிரியான ஆள், யாருக்கும் தெரியாத ஒரு குட்டிக் கல்லூரிக்கு ஏன் போனார் சார்?

அப்போது அவர் பிரதமர் இல்லை. போரில் வென்ற கையோடு, 1945 ஜூலையில் வெளியான தேர்தல் முடிவில் தோற்றுப்போய் எதிர்க்கட்சித் தலைவராக இருந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் கல்லூரியில் சில நூறு மாணவர்கள்தான். ஆனால் அதன் தலைவர் மெக்ளூருக்கு ஒரு வழி கிடைத்தது. அதிபர் ட்ரூமனின் ராணுவ உதவியாளர் ஹாரி வான் அந்தக் கல்லூரியின் பழைய மாணவர். அவர் மூலம் அழைப்புக் கடிதம் ட்ரூமன் மேசைக்குப் போனது. ட்ரூமன் அதன் அடியில் தன் கையாலேயே, ‘இது என் சொந்த மாநிலத்தில் உள்ள அருமையான கல்லூரி, நீங்கள் வந்தால் நானே உங்களை அறிமுகம் செய்கிறேன்’ என்ற பொருளில் இரண்டு மூன்று வரி சேர்த்தார். அந்த வரிகளுக்காகத்தான் சர்ச்சில் வந்தார். அதிபர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பதவியில் இல்லாத ஒருவர் பேசினால் அதன் எடையே வேறு அல்லவா?

இருவரும் வாஷிங்டனிலிருந்து ரயிலில் போனார்கள், வழியில் சீட்டாடிக்கொண்டே. பேச்சு நடந்தது கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்தில். அன்று ஊருக்குள் வந்த கூட்டம், ஊரின் மக்கள்தொகையைவிடப் பல மடங்கு.

‘இரும்புத்திரை’ அவர் உண்டாக்கிய சொல்லா?

இல்லை. ஐரோப்பிய நாடகக் கொட்டகைகளில் நெருப்புப் பிடித்தால் மேடைக்கும் பார்வையாளருக்கும் நடுவே ஓர் இரும்புத் தடுப்பை இறக்குவார்கள். சொல்லின் வேர் அது. ரஷ்யப் புரட்சிக் காலத்திலேயே அரசியல் எழுத்தில் இது வந்துவிட்டது. 1945 பிப்ரவரியில் ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸ்கூட எழுதியிருக்கிறார். சர்ச்சிலும் 1945 மே மாதமே ட்ரூமனுக்கு அனுப்பிய தந்தியில் இதைப் பயன்படுத்திவிட்டார். ஃபுல்டனில் அதற்கு ஒரு வரைபடம் கிடைத்தது: ‘பால்டிக் கடலோர ஸ்டெட்டின் முதல் ஏட்ரியாட்டிக் கடலோர ட்ரியெஸ்ட் வரை.’ விரலால் கோடு இழுத்துக் காட்டியது போல இருக்கிறது, இல்லையா? அதனால்தான் நின்றது.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். அந்தக் கோட்டுக்குப் பின்னால் அவர் சொன்ன நகரங்கள் எவை? எல்லாம் அப்படியே நடந்ததா?

வார்சா, பெர்லின், பிராக், வியன்னா, புடாபெஸ்ட், பெல்கிரேட், புகாரெஸ்ட், சோஃபியா. எட்டு. தம்பி, மனப்பாடம் செய்வதோடு விடாதீர்கள், ஒவ்வொன்றும் அப்புறம் என்ன ஆனது என்று பாருங்கள். வியன்னா நான்கு வல்லரசுகளின் பிடியில் இருந்து 1955இல் விடுபட்டது. பெல்கிரேட், அதாவது யூகோஸ்லாவிய அரசு, 1948இலேயே சோவியத் தலைவர் ஸ்டாலினோடு முறித்துக்கொண்டது. செக்கோஸ்லோவாக்கியாவில் மட்டும் உண்மையான ஜனநாயகம் இருப்பதாக அதே பேச்சில் அவர் சொன்னார், 1948 பிப்ரவரியில் அதுவும் போனது. தீர்க்கதரிசனம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. பெரும்பகுதி சரியாக இருந்தது, அவ்வளவுதான்.

அமெரிக்கர்கள் உடனே கைதட்டி ஏற்றுக்கொண்டார்களா?

கூடத்தில் கைதட்டினார்கள். வெளியே கடும் எதிர்ப்பு. நேற்றுவரை தோழனாக இருந்த ரஷ்யாவை இப்படிப் பேசலாமா என்று பத்திரிகைகளும் சில செனட்டர்களும் கொதித்தார்கள். ட்ரூமன் பின்வாங்கினார். ரயிலிலேயே உரையைப் படித்திருந்தும், முன்கூட்டித் தெரியாது என்று நிருபர்களிடம் சொன்னார். ஸ்டாலின் பத்து நாளுக்குள் சோவியத் கட்சி நாளிதழான ‘பிராவ்தா’வில் வந்த பேட்டியில் சர்ச்சிலை ஹிட்லரோடு ஒப்பிட்டார். இத்தனைக்கும் அந்த உரையில் ரஷ்ய மக்களையும் ‘என் போர்க்காலத் தோழர்’ ஸ்டாலினையும் பாராட்டும் வரி இருக்கிறது. அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. அடுத்த ஆண்டு, 1947 மார்ச் 12 அன்று, ட்ரூமனே கிரீஸுக்கும் துருக்கிக்கும் உதவி கேட்டு நாடாளுமன்றத்தில் பேசியபோது, ஃபுல்டனின் பாதைக்குத்தான் வந்து சேர்ந்தார்.

வங்கப் பஞ்சத்தில் நம் மக்களைச் சாகவிட்டவர் சர்ச்சில். அவர் பேச்சுக்கு நாம் எதற்கு ஆண்டு விழா கொண்டாட வேண்டும்?

இந்தக் கோபம் எனக்கும் உண்டு, அம்மா. 1943 பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் இறந்தார்கள். இந்தியாவிலிருந்து தானியக் கப்பல் கேட்டு மீண்டும் மீண்டும் கோரிக்கை போனபோது, அவருடைய போர் அமைச்சரவை கேட்ட அளவைத் தரவில்லை. 1942 நவம்பரில், பிரிட்டிஷ் பேரரசைக் கலைக்கும் பணிக்குத் தலைமை தாங்க நான் பிரதமராகவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னவர் அவர்.

இப்போது ஃபுல்டன் உரையைக் கையில் எடுங்கள். நடுவில் ஒரு பகுதி வரும். ரகசிய வாக்குடன் சுதந்திரமான தேர்தல், பேச்சுரிமை, அரசுக்குக் கட்டுப்படாத நீதிமன்றம்: இவை ஒவ்வொரு குடிசையிலும் இருக்க வேண்டிய சுதந்திரப் பத்திரங்கள் என்கிறார். படிக்கும்போது எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் அதற்குச் சற்று முன்னால் இன்னொன்று சொல்கிறார். பிரிட்டிஷ் பேரரசு முழுவதும் குடிமக்கள் அனுபவிக்கும் உரிமைகள் வேறு பல நாடுகளில் இல்லை என்கிறார். பேரரசு முழுவதுமா? அதற்கு இரண்டு வாரம் முன்பு, பிப்ரவரி 18 அன்று, பம்பாயில் கடற்படை மாலுமிகள் கிளர்ந்து எழுந்திருந்தார்கள். நம் மக்களில் பெரும்பாலோருக்கு அன்று வாக்குரிமையே கிடையாது.

அவர் ஐரோப்பாவைப் பற்றிச் சொன்னது உண்மை. நம்மைப் பற்றிச் சொல்லாமல் விட்டதும் உண்மை. இரண்டையும் ஒரே நாளில் பேசுவதற்குத்தான் ஆண்டு நிறைவு வேண்டும் என்கிறேன். மாலை போடுவதற்கு அல்ல.

அந்தக் கல்லூரியில் ஒரு லண்டன் தேவாலயம் இருக்கிறதாமே?

இருக்கிறது! புனித மேரி ஆல்டர்மன்பரி தேவாலயம். 1666 பெருந்தீக்குப் பிறகு கிறிஸ்டோபர் ரென் கட்டியது. 1940 டிசம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் எரிந்து, சுவர்கள் மட்டும் நின்றன. உரையின் நினைவாக அந்த இடிபாட்டைக் கல் கல்லாகக் கழற்றி எண் போட்டு, ஏறத்தாழ 7,000 கற்களைக் கடல் கடந்து கொண்டுவந்து ஃபுல்டனில் மறுபடி எழுப்பினார்கள். 1969 மே மாதம் திறந்தார்கள். அதன் கீழ்த்தளத்தில்தான் சர்ச்சில் அருங்காட்சியகம்.

வெளியே பெர்லின் சுவரின் எட்டுத் துண்டுகளால் ஆன சிற்பம் நிற்கிறது. செய்தவர் சர்ச்சிலின் பேத்தி எட்வினா சாண்டிஸ். சுவரில் ஓர் ஆண், ஒரு பெண் உருவம் அளவுக்கு ஓட்டை வெட்டியிருக்கிறார். அந்த இடைவெளிக்குள் நீங்கள் நடந்து மறுபக்கம் போகலாம். 1990 நவம்பரில் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ரீகன் திறந்துவைத்தார். 1992 மே 6 அன்று அதே இடத்தில் நின்று பேசியவர் சோவியத் ஒன்றியத்தின் கடைசித் தலைவர் கோர்பசேவ். அவரும் அப்போது பதவி இழந்தவர். பனிப்போர் தொடங்கியதில் இரு தரப்பும் செய்த பிழைகளைச் சொன்னார்.

எங்கள் கல்லூரி வரலாற்று மன்றத்தில் இந்த நாளை நடத்த நினைக்கிறோம். பேச்சுப் போட்டி வைக்கலாமா சார்?

பேச்சுப் போட்டி வேண்டாம், வாசிப்பு வையுங்கள். எல்லாரும் ‘ஸ்டெட்டின் முதல் ட்ரியெஸ்ட் வரை’ என்ற ஒரு வரியைத்தான் முழங்குவார்கள். உரையின் பெயரே ‘அமைதியின் தசைநார்கள்’ என்பதும், முதல் பாதி ஐ.நா.வை வலுப்படுத்துவது பற்றியது என்பதும் யாருக்கும் தெரியாமல் போய்விடும். முழு உரையையும் தமிழாக்கி நான்கைந்து மாணவர்கள் பகிர்ந்து படிக்கட்டும். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆகும். அடுத்து ஸ்டாலினின் பதில், அதன்பின் கோர்பசேவ் உரையிலிருந்து இரண்டு பக்கம். கடைசியாக, பம்பாய் மாலுமிகளின் கோரிக்கைகளை ஒருவர் எழுந்து நின்று வாசிக்கட்டும். அவர்கள் கிளர்ச்சி தொடங்கியதே மோசமான சாப்பாட்டை எதிர்த்துத்தான். நடுவர், பரிசு எதுவும் வேண்டாம். வாசித்து முடித்தபின் மாணவர்கள் கேள்வி கேட்க ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள்.

ட்ரியெஸ்ட் இப்போது எந்த நாட்டில் இருக்கிறது?

இத்தாலியில். ஸ்டெட்டின் இப்போது போலந்தில், ஷ்செச்சின் என்ற பெயரில்.