ஷவர் மூலைத் தட்டு கழன்று விழுகிறதா?

தட்டைச் சுவர் டைலின் மேல் ஒட்டாதீர்கள். டைலில் பள்ளம் வெட்டிச் செருகுங்கள். முக்கோணமாக நறுக்கிய டைலைச் சிமென்ட் பசையால் ஒட்டியதும், அது ஷாம்பு பாட்டிலோடு விழுந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதே முறையில் மறுபடி ஒட்டினால் மறுபடியும் விழும்.

பெரும்பாலும் டைலின் பளபளப்புப் பூச்சுதான் காரணம். அந்த வழவழப்பில் சிமென்ட் பசைக்குப் பிடிமானம் கிடையாது. விழுந்த தட்டின் விளிம்பைப் பாருங்கள்: பசை முழுவதும் அதோடு வந்து, சுவர் துடைத்து வைத்ததுபோல் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

1. இரு சுவர்களிலும் தட்டின் கனத்தைவிட 2 மி.மீ. அகலமாகப் பள்ளம் வெட்டுங்கள். தட்டு மூலையிலிருந்து வெளிப்பக்கம் 2–3 மி.மீ. சரிவாக இறங்கட்டும், இல்லையென்றால் தண்ணீர் மூலையில் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

2. எபாக்சி பசையில் செருகி, இறுகும்வரை கீழே முட்டுக்கொடுங்கள். பிறகு ஓரங்களில் தண்ணீர் புகாதபடி சிலிகான் பசை.

பள்ளம் டைலின் கனத்தைத் தாண்டவே கூடாது. பின்னாலுள்ள நீர்க்காப்புப் படலம் கிழிந்தால் ஈரம் சுவருக்குள் இறங்கும், அது தட்டு விழுவதைவிடப் பெரிய தலைவலி. கை நிதானம் போதாது என்று தோன்றினால், பூச்சைச் சொரசொரப்பாக உரசி எபாக்சியிலேயே ஒட்டுங்கள். அப்படி ஒட்டிய தட்டில் சோப்பு மட்டும் வையுங்கள்.