டிபன் பாக்ஸுக்குள் கொலுசு

கேள்வி: எனக்கு 23 வயது. ஊர் பென்னாகரம் பக்கம், வேலை ஓசூரில். ஆணாகப் பிறந்தேன். சில நாள் ஆணாகவே உணர்கிறேன், சில நாள் பெண்ணாக, சில நாள் இரண்டுமே இல்லை. திருநங்கை என்று சொல்லிக்கொள்ளவும் மனம் ஒப்பவில்லை. போன மாதம் ஊருக்குப் போனபோது, காலி டிபன் பாக்ஸுக்குள் வைத்திருந்த கொலுசை அம்மா பார்த்துவிட்டார். முதலில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். இப்போது சேலத்தில் டாக்டரிடம் ஒரு மாதம் சேர்த்தால் சரியாகிவிடும் என்கிறார் அப்பா. வராவிட்டால் காணவில்லை என்று போலீஸில் புகார் கொடுப்பாராம். என்ன செய்வது?

பதில்: உங்களைத் தம்பி என்பதா, தங்கை என்பதா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். நல்லவேளை, 'நீங்கள்' என்ற சொல்லுக்குப் பால் கிடையாது.

முதலில் ஆஸ்பத்திரி விஷயம். ஊர் வழக்கத்துக்கு ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி என்று முடிவு செய்யக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் மேஜர். அப்பா கையெழுத்துப் போட்டார் என்பதற்காக மட்டும் உங்களைச் சேர்த்துவிட முடியாது. பாலின அடையாளத்தை 'மாற்றுகிறேன்' என்று சிகிச்சை தருவதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில், பெற்றோரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு இரு பெண்கள் சேர்ந்து போட்ட சுஷ்மா வழக்கில், தடை செய்தது. அதன் தொடர்ச்சியாக 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதை டாக்டரின் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. அந்த டாக்டர் 'சரி, கூட்டி வாருங்கள்' என்றால் அவருடைய டாக்டர் பதிவுக்கே சிக்கல் வரலாம். அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சட்டப் பிரிவைவிட இது சீக்கிரம் உறைக்கும்.

போலீஸ் பயமும் வேண்டாம். இதே வழக்கில் இதற்கும் உத்தரவு இருக்கிறது: காணவில்லை என்று புகார் வந்து, தேடப்படுபவர் வயது வந்த பால்புதுமையர் (LGBTQ) என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும். அதற்குக் காத்திருக்காதீர்கள். 'என் விருப்பப்படி ஓசூரில் இருக்கிறேன், வேலைக்குப் போகிறேன், யாரும் கடத்தவில்லை' என்று நான்கு வரி எழுதி, பென்னாகரம், ஓசூர் இரண்டு காவல் நிலையத்துக்கும் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். புகாரோடு போகிறவர்கள் பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, நீங்கள் கேட்காத கேள்வி: ஏதாவது ஒரு பெயரைப் பிடித்தாக வேண்டுமா? வேண்டாம். ஒருவரின் பாலினத்தைத் தீர்மானிப்பது அவரவர் உள்ளுணர்வே என்று 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு) வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அறுவை சிகிச்சையை நிபந்தனையாக வைக்கக் கூடாது என்றும் சொன்னது. திருநர் (டிரான்ஸ்ஜெண்டர்) அடையாளச் சான்றுக்கு விண்ணப்பித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. உங்களைப் போல மனம் நாளுக்கு நாள் நகர்கிறவருக்கு அந்தப் படிவம் அவ்வளவாகப் பொருந்தாது என்பது என் கருத்து. ஆதாரில் இருப்பது இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.

ஒரு விஷயம். சுஷ்மா வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தற்பாலின உறவு தனக்கே புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளரிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். உங்கள் அப்பாவுக்கும் அதற்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள், ஆனால் தொலைபேசியில். இந்தச் சூழலில் ஊருக்குப் போக வேண்டாம். அசல் சான்றிதழ்கள் வீட்டில் இருந்தால் நம்பகமான சொந்தக்காரர் மூலம் வாங்கிவிடுங்கள். உங்களை வீட்டில் பூட்டி வைத்தால் அது குற்றம். அப்போது உங்களை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி நண்பர் ஒருவர் ஆட்கொணர்வு மனு போடலாம். வக்கீல் செலவுக்கு வழியில்லையென்றால் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு அழையுங்கள். கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரிலும் போகலாம்.

கொலுசைத் திருப்பிக் கேட்கலாமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சம்பளத்தில் வாங்கியதுதானே? கேளுங்கள்.