3 அடிச் செடித்தொட்டியில் முதல் டிஸ்கஸ் மீன்களை விடலாமா? எந்த நிறத்தில் வாங்குவது நல்லது?

நீளம் 3 அடி, அகலம் 1 அடி, உயரம் ஒன்றரை அடி கொண்ட மீன்தொட்டியில் நீர்ச்செடிகள் நட்டு, தட்டு போல வட்டமான டிஸ்கஸ் மீனின் இரண்டு அங்குலக் குஞ்சுகள் ஆறு விடப் போவதாகவும், எந்த நிறம் வாங்கலாம் என்று மட்டும் சொன்னால் போதும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். தொட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்பதும், சென்னையில் இருக்கிறீர்கள் என்பதும், இந்த ஞாயிற்றுக்கிழமையே அலங்கார மீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்குக் கிளம்பத் தயாராக இருக்கிறீர்கள் என்பதும் கேள்வியின் அவசரத்திலிருந்தே தெரிகிறது. 2018 தை மாதத்தில் நானும் அச்சாக இதே அளவுத் தொட்டியோடு, இதே கேள்வியோடு நின்றவன் என்பதால்தான் இந்தப் பதில் இவ்வளவு நீளமாகிறது. நிறத்தைப் பற்றி இறுதியில் சொல்கிறேன்.

உங்கள் தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 127 லிட்டர். மண்ணும் கல்லும் மரவேரும் போக 100 லிட்டர் தண்ணீர் நிற்கும். வளர்ந்த டிஸ்கஸ் ஒன்றுக்கு 40 லிட்டராவது வேண்டும் என்பது வளர்ப்பவர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. அப்படிப் பார்த்தால் உங்கள் தொட்டியில் இரண்டு மீனுக்குத்தான் இடம். இரண்டு மட்டும் வளர்க்கலாமே என்றால் அதுவும் நடக்காது. இது கூட்டமாக வாழும் மீன். இரண்டோ மூன்றோ இருந்தால் பலமுள்ளது மற்றதைத் தீவனத்தின் பக்கமே வரவிடாமல் துரத்தித் துரத்தி, ஒரு மூலையில் கறுத்து நிற்கும்படி செய்துவிடும். ஐந்தோ ஆறோ இருக்கும்போது அந்த அதட்டல் பலர் மீதும் பரவி, யாருக்கும் பெரிதாக வலிக்காமல் போகிறது. ஆகவே 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட, 255 லிட்டர் கொள்ளும் தொட்டியிலிருந்துதான் பேச்சைத் தொடங்க முடியும். நிரப்பினால் 300 கிலோவைத் தாண்டும் என்பதால், அதைத் தாங்கும் மேசையைப் பற்றி வீட்டில் இப்போதே பேசிவிடுவது நல்லது.

இப்போது என் கதை. செடித்தொட்டிகளுக்கென்று விற்கும் கருமண்ணை வாங்கிப் பரப்பி, செடிகளை நட்டு, எட்டாம் நாள் ஆறு குஞ்சுகளை விட்டேன். தண்ணீர் பளிங்கு போல் இருந்தது. அதையே தொட்டி தயாராகிவிட்டதன் அறிகுறியாக எடுத்துக்கொண்டேன். அந்தக் கருமண் முதல் சில வாரங்களுக்கு அம்மோனியாவைக் கசியவிடும் என்பதோ, மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும் என்பதோ எனக்குத் தெரியாது. அம்மோனியாவுக்கு நிறமும் இல்லை, அந்த அளவில் நாற்றமும் இல்லை. பத்து நாளில் இரண்டு மீன்கள் இறந்தன. மீதி நான்கும் தீவனத்தை வாயில் வாங்கித் துப்பின. நூல் போல வெள்ளைக் கழிவு தொங்கியது. கடைக்காரரிடம் சொன்னேன். அவர் ஒரு நீல மருந்தைக் கொடுத்தார். அதை ஊற்றியதில் தொட்டியின் சிலிக்கான் ஓரங்கள் நீலமானதுதான் கண்ட பலன். வெள்ளைக் கழிவுக்கு, மனிதர்களுக்கு வயிற்றுக்கோளாறில் கொடுக்கும் மெட்ரோனிடசோலையே டிஸ்கஸ் வளர்ப்பவர்கள் பயன்படுத்துகிறார்கள் என்பதை மிகவும் தாமதமாகத்தான் அறிந்தேன். அதற்குள் இன்னும் இரண்டு போய்விட்டன.

எஞ்சிய இரண்டும் ஓராண்டு கழித்தும் மூன்று அங்குலத்தைத் தாண்டவில்லை. உடல் நின்றுவிட்டது, கண்கள் மட்டும் வளர்ந்துகொண்டே போயின. இதற்கான காரணத்தை நீங்கள் புரிந்துகொண்டால் நான் எழுதியதன் பாதிப் பயன் கிடைத்துவிடும். இரண்டு அங்குலக் குஞ்சுக்கு ஒரு நாளைக்கு நான்கைந்து வேளை தீவனம் வேண்டும். அது சத்து மிகுந்த, எளிதில் அழுகும் தீவனமாக இருக்கும். அவ்வளவு தீவனம் போட்டால் தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். மண்ணும் செடியும் இல்லாத வெறுந்தொட்டியில் மிச்சத்தை ஒரு குழாயால் இரண்டு நிமிடத்தில் உறிஞ்சி எடுத்துவிடலாம். செடித்தொட்டியில் அது வேருக்கும் மண்ணுக்கும் இடையே போய் அழுகும். அழுகுமே என்று பயந்து நாம் தீவனத்தைக் குறைப்போம். மீன் குட்டையாக நின்றுவிடும். பிறகு எவ்வளவு ஊட்டினாலும் இழந்த வளர்ச்சி திரும்புவதில்லை. குஞ்சை வளர்க்கும் இடம் வேறு, வளர்ந்த மீனை அழகு பார்க்கும் இடம் வேறு. செடித்தொட்டி இரண்டாவது வகை. ஆகவே அதில் விடும் முதல் டிஸ்கஸ் நான்கு அங்குலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

'அத்தனை பணம் யாரிடம் இருக்கிறது?' என்று ஒருவர் கேட்பார். நான் ஒரு குஞ்சை 300 ரூபாய்க்கு வாங்கினேன். பின்னாளில் நாலரை அங்குல மீன்களை ஒன்று 1,800 ரூபாய் வீதம் வாங்கினேன். முதல் வகையில் போட்ட பணம் முழுவதும் போயிற்று. இரண்டாவது வகையில் வாங்கிய ஆறில் ஐந்து இன்றும் உயிரோடு இருக்கின்றன. எது மலிவு என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 'வெறுந்தொட்டியில்தான் டிஸ்கஸ் வளர்க்க வேண்டும், செடியே கூடாது' என்று அடித்துச் சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: குஞ்சு வளர்ப்பில் நான் உங்கள் கட்சி. வளர்ந்த மீனுக்கு அது பொருந்தாது என்பதற்கு என் கூடத்தில் நிற்கும் தொட்டியே சாட்சி. கொளத்தூரில் நேர்மையான வளர்ப்பாளர்களே இல்லையா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். என் இப்போதைய மீன்களும் அங்கிருந்து வந்தவைதான்.

சென்னையில் டிஸ்கஸ் என்றால் அடுத்த பேச்சு தண்ணீர். இந்த மீன் அமேசான் வடிநிலத்தின் மென்மையான, சற்றே அமிலத்தன்மையுள்ள நீரில் பிறந்தது. 1840-இல் ஆஸ்திரிய விலங்கியலாளர் ஹெக்கல் முதன்முதலில் விவரித்த வகை, அமிலத்தன்மை மிகுந்த ரியோ நீக்ரோவின் கரும்பழுப்பு நீரில் வாழ்வது. பண்ணையில் பல தலைமுறைகளாகப் பிறந்த மீன்கள் அவ்வளவு கறார் காட்டுவதில்லை. ஜெர்மனியில் கடினமான குழாய் நீரிலேயே வளர்க்கிறார்கள். ஆனால் என் வீட்டுப் போர் தண்ணீரில், கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 1,100 காட்டுகிறது. எந்த ஜெர்மானியரும் அதில் மீன் வளர்த்திருக்க மாட்டார். (கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீரைக் குழாயில் பிடிப்பவர்கள் இந்தப் பத்தியை வாசிக்காமல் தாண்டிப் போகலாம், எங்கள் வயிற்றெரிச்சல் உங்களுக்கு எதற்கு?) நான் நான்கு வாளி ஆர்.ஓ. தண்ணீருக்கு ஒரு வாளி போர் தண்ணீர் கலக்கிறேன். மீட்டரில் 250 அளவில் வருகிறது. மீனும் செடியும் அதை ஏற்றுக்கொள்கின்றன. மெட்ரோ தண்ணீர் கிடைக்கும் வீடு என்றால் குளோரினை நீக்க ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) போட்டு, ஒரு நாள் காற்றடித்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும். கோடையில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து மதியம் இறங்கும் தண்ணீரில் கையே வைக்க முடியாது என்பதால், தண்ணீர் மாற்றும் வேலையை விடியற்காலையில் முடித்துவிட வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு பழைய கசப்பைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்த ரயில் வந்து நின்ற இடத்திலிருந்து என் வீடு நடந்து போகும் தூரம்தான். அந்த மாதம் எங்கள் அடுக்ககக் கூட்டத்தில், லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும்போது மீனுக்குத் தண்ணீர் மாற்றுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள் என்று ஒருவர் என்னைப் பார்க்காமலே சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு குடம் ஆர்.ஓ. தண்ணீருக்கு இரண்டு மூன்று குடம் கழிவுநீராகப் போகிறது என்பதை நான் மறுக்கவில்லை. அந்தக் கழிவுநீரில்தான் எங்கள் வீட்டுத் தரையும் கழிப்பறையும் கழுவப்பட்டன, தொட்டியிலிருந்து எடுத்த நீர் முழுவதும் மாடியிலிருந்த கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் போயிற்று என்று சொல்ல வாயெடுத்தேன். கேட்க ஆள் இல்லை. கூட்டம் முடிந்து கீழே இறங்கினால், அவருடைய காரை ஒரு பையன் குழாய் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். அன்று இரவே, எஞ்சிய இரண்டு மீன்களையும் அலுவலக நண்பர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டுத் தொட்டியைக் காயவைத்தேன். தண்ணீருக்கு வழி இல்லாத தெருவில் இந்த மீனைத் தொடங்காதீர்கள் என்பதை, அந்தக் கோபம் தணிந்த பிறகும் நான் மாற்றிச் சொல்லப் போவதில்லை.

2021-இல் 4 அடித் தொட்டியோடு மறுபடி தொடங்கியபோது முதலில் செடிகளை மட்டும் வைத்து மூன்று மாதம் காத்திருந்தேன். டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி வெப்பம் வேண்டும். அழகான படங்களில் காணும் பாசிகளும் மெல்லிய தண்டுச் செடிகளும் பெரும்பாலும் அந்தச் சூட்டில் இளகிக் கரைந்துவிடும். தாக்குப்பிடிப்பவை அமேசான் ஸ்வார்டு, அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், வாலிஸ்னேரியா, சில கிரிப்டோகோரைன்கள். இவற்றில் கிரிப்டோகோரைன் வென்டி நமக்கு அருகிலேயே, இலங்கையின் ஓடைகளில் விளைவது. நட்ட சில நாட்களில் அதன் இலைகள் எல்லாம் கூழாகிவிடும். பதறிப் பிடுங்கிவிடாதீர்கள், வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். நான் முதல் முறை பிடுங்கி எறிந்தவன். அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் மண்ணில் புதைத்தால் கிழங்கு அழுகும் என்பதால் மரவேரில் நூலால் கட்டிவிட வேண்டும். இந்தச் செடிகளுக்கு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தேவையே இல்லை. சூடான நீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவாகத்தான் கரைந்திருக்கும். அங்கே சிலிண்டரையும் திறந்துவிட்டுத் தூங்கப் போனால், காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். விளக்கு ஆறு ஏழு மணி நேரம் எரிந்தால் போதும். டிஸ்கஸ் இயற்கையில் அடர்ந்த செடிகளுக்கிடையே வாழ்வதில்லை. வெள்ளத்தில் மூழ்கிய காட்டின் கிளைகளுக்கும் வேர்களுக்கும் இடையே, அரைநிழலில் வாழ்கிறது. ஆகவே தொட்டியின் நடுவில் வெற்றிடமும் ஒரு பெரிய மரவேரும் விட்டு, செடிகளைப் பின்னாலும் ஓரங்களிலும் வையுங்கள்.

மீன் வாங்கும் நாளில் முதலில் கண்ணைப் பாருங்கள். உடலோடு ஒப்பிடக் கண் சிறிதாக இருந்தால் அது நன்றாக ஊட்டி வளர்த்த மீன். கண் பெரிதாக இருந்தால், அங்குலம் எவ்வளவாக இருந்தாலும் அது வயதான குட்டை மீன். உடல் வட்டமாக இருக்க வேண்டும். நெற்றி கத்தி போல ஒடுங்கியிருக்கக் கூடாது. செவுள்கள் இரண்டும் ஒரே சீராக அசைய வேண்டும். பிறகு, உங்கள் கண்முன்னே தீவனம் போடச் சொல்லுங்கள். 'இப்போதுதான் சாப்பிட்டது' என்று பதில் வந்தால், டீ குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வருவதாகச் சொல்லுங்கள். ஆறு மீன்களையும் ஒரே வளர்ப்பாளரிடம், முடிந்தால் ஒரே தொட்டியிலிருந்து எடுங்கள்; ஒரு பண்ணை மீனுக்குப் பழகிப்போன கிருமி இன்னொரு பண்ணை மீனைக் கொன்றுவிடும். பார்க்க அழகாக இருக்கிறதே என்று ஏஞ்சல் மீனைச் சேர்க்காதீர்கள். டிஸ்கஸைத் தாக்கும் ஒட்டுண்ணிகளை அது சுமந்துவரக்கூடும்.

இனி நிறம். இரண்டரை அங்குலத்திலேயே நீலம் கொட்டி மின்னும் டர்க்காய்ஸ் (வளர்ந்த பிறகு நீலப்பச்சையாகும் வகை) குஞ்சைக் கண்டால் விலகிவிடுங்கள். அந்த வயதில் அது சாம்பலும் பழுப்புமாகத்தான் இருக்க வேண்டும், மின்னினால் ஹார்மோன் கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். தாய்லாந்தில் உருவாகி 1990-களின் தொடக்கத்தில் பரவிய பிஜியன் பிளட் வகையும் அதன் வழிவந்த பல சிவப்பு, வெள்ளை வகைகளும் கடையில் கண்ணைப் பறிக்கும். ஆனால் கருமண்ணும் கரும்பச்சைச் செடியும் உள்ள தொட்டியில் அவற்றின் உடலில் மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள் பரவும். அதைவிட முக்கியமாக, அவற்றுக்குச் செங்குத்துக் கோடுகள் தெரிவதில்லை. டர்க்காய்ஸ் வகைக்கு உடலில் ஒன்பது கோடுகள் உண்டு. மீன் நிம்மதியாக இருந்தால் மங்கும், பயந்தாலோ நீர் கெட்டாலோ கறுத்து எழும். புதிதாக வளர்ப்பவருக்கு இதைவிட நல்ல அளவுகோல் கடையில் கிடைக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. பேட்டரி ஏர் பம்பை ஓடவிட்டு, தொட்டியைப் போர்வையால் மூடி, தீவனத்தை முழுவதுமாக நிறுத்திவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான் எப்போது கொஞ்சம் தண்ணீர் மாற்றுவது என்று முடிவு செய்தேன். வெப்பம் 25 டிகிரிக்கு இறங்கியது. ஆறு மீன்களும் கறுத்து நின்றன. நான்காம் நாள் ஹீட்டர் ஓடத் தொடங்கிய மாலையிலேயே ஐந்தின் கோடுகள் மங்கிவிட்டன. ஆறாவது அந்த வாரக் கடைசியில் இறந்தது. ஆகவே என் பதில்: சாதாரண டர்க்காய்ஸ், ஆறு, நாலரை அங்குலம்.

வாங்கிவிட்ட 3 அடித் தொட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். அதில் வென்டியையும் அனுபியாஸையும் நட்டு, ஒரு மாதத்துக்கு மேல் ஓடவிட்டு, பதினைந்து கார்டினல் டெட்ராக்களை விடுங்கள். டிஸ்கஸின் சூட்டைத் தாங்கும் மீன் அது, பிறகு பெரிய தொட்டிக்கு மாறும்போது கூடவே வந்துவிடும். நியான் டெட்ராவைத் தருவார்கள், பார்த்து வாங்குங்கள்: கார்டினலுக்குச் சிவப்பு வயிறு முழுவதும் ஓடும், நியானுக்குப் பின்பாதியில் மட்டும்தான். காலியாகும் சின்னத் தொட்டியில் பிறகு நீங்கள் வாங்கும் டிஸ்கஸ்களை, மண் இல்லாமல், நான்கு வாரம் தனியே வைத்துப் பார்க்கலாம்.