டீச்சரிடம் கேளுங்கள்: 22ஆம் சங்கீதமா, 23ஆம் திருப்பாடலா?

எங்கள் அம்மாச்சியின் பழைய செபப் புத்தகத்தில் நல்ல ஆயன் பாட்டு ‘22ஆம் சங்கீதம்’ என்று இருக்கிறது. கோயிலில் 23 என்கிறார்கள். எது சரி டீச்சர்?
– வாசகி, மணப்பாடு

இரண்டும் சரிதான். சங்கீதம், திருப்பாடல் என்பதும் ஒன்றேதான். அம்மாச்சி புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எபிரேயத்தில் 9, 10 என்று தனித்தனியாக இருக்கும் இரண்டு பாடல்களைக் கிரேக்க மொழிபெயர்ப்பில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். அங்கிருந்து கிரேக்கக் கணக்கில் எண் ஒன்று குறைவாகவே வரும். இலத்தீன் விவிலியம் கிரேக்கக் கணக்கில் போனது, நம் பழைய கத்தோலிக்கப் புத்தகங்கள் இலத்தீன் பின்னால் போயின. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு எபிரேயக் கணக்கை எடுத்துக்கொண்டது. அதனால் அம்மாச்சியின் 50 உங்களுக்கு 51. அவர் இறந்தவர்களுக்காகச் சொல்லியிருக்கக்கூடிய 129 உங்களுக்கு 130. 114, 115, 116ஆம் பாடல்களில் இன்னொரு சேர்த்தலும் பிரித்தலும் உண்டு, அதை விடுங்கள். 147ஐக் கிரேக்கத்தில் இரண்டாகப் பிரித்துவிடுவதால் 148 முதல் இரு கணக்கும் கைகோத்துக்கொள்ளும். மொத்தம் இரண்டிலும் 150.

சேர்த்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வரிகள் எபிரேய எழுத்து வரிசையில் தொடங்கும் பாட்டு அது. 9இல் ஆரம்பிக்கும் அந்த அகரவரிசை, நடுவில் கொஞ்சம் சிதைந்தாலும், 10இல்தான் முடிகிறது. முப்பது வருடம் தமிழ் நடத்தியவள் நான். அகரவரிசைப் பாட்டை நடுவில் வெட்டினால் எனக்குத் தெரியாதா!

2025 நாட்காட்டியில் ஞாயிறுக்கு ‘மூன்றாம் ஆண்டு’, மறுநாள் திங்களுக்கு ‘முதல் ஆண்டு’ என்று இருந்தது. அச்சுப் பிழையா?
– வாசகர், திண்டுக்கல்

பிழையில்லை. கோயிலில் வாசிக்கும் விவிலியப் பகுதிகளுக்கு ஞாயிறில் மூன்று வருடச் சுற்று, வாரநாளில் இரண்டு வருடச் சுற்று. ஞாயிறு நற்செய்தியில் முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. வருடத்தை மூன்றால் வகுத்து மிச்சம் வராவிட்டால் அது மூன்றாம் ஆண்டு. 2025 அப்படித்தான் வந்தது. வாரநாளில் ஒற்றைப்படை வருடம் முதல் ஆண்டு, இரட்டைப்படை வருடம் இரண்டாம் ஆண்டு. அதுவும் பெருவிழாக் காலங்கள் போக மீதியான பொதுக்காலத்தின் முதல் வாசகத்துக்கும், அதற்கு மக்கள் பதிலாகப் பாடும் பதிலுரைப் பாடலுக்கும் மட்டும்தான். நற்செய்தி எல்லா வருடமும் ஒன்றே. திருவழிபாட்டு வருடம் சனவரியில் அல்ல, கிறிஸ்துமசுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் பிறக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் கணக்குத் தப்புவது அதனால்தான்.

அப்புறம் யோவான் எங்கே என்பீர்கள். அவருக்குத் தனி வருடம் இல்லையே தவிர, நல்ல இடமெல்லாம் அவருக்குத்தான். பெரிய வெள்ளிக்கிழமை பாடுகள், பாஸ்கா (உயிர்ப்பு) கால ஞாயிறுகளில் பெரும்பகுதி, முதல் ஆண்டுத் தவக்காலத்தில் சமாரியப் பெண், பார்வையற்றவர், இலாசர். மாற்கு 16 அதிகாரத்தில் முடிந்துவிடுவதால், இரண்டாம் ஆண்டில் பொதுக்காலம் 17ஆம் ஞாயிறு முதல் 21ஆம் ஞாயிறு வரை ஐந்து வாரம் யோவான் 6ஆம் அதிகாரம், அப்பத்தைப் பற்றியே. அந்த ஐந்து வாரமும் புதிதாக என்ன பிரசங்கம் வைப்பது என்று சாமியார்கள் தலையைச் சொறிவதைப் பார்த்திருக்கிறேன்.

வாசகத்தைச் செல்போனில் பார்த்து வாசிக்கலாமா? எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாமே.
– வாசகர், நாகர்கோவில்

கூடாது என்பதே என் பதில். திருப்பலி வாசகங்களைத் தொகுத்து 1969இல் வந்த வாசக நூலின் இரண்டாம் பதிப்பு 1981இல் வெளியானது. அதன் முன்னுரையில் 37ஆம் எண்ணைப் பாருங்கள். இறைவார்த்தையின் மாண்பு கருதி, மக்கள் முன்கூட்டியே படித்துத் தயாராவதற்காக அச்சிடும் தாள்கள் போன்றவை வாசக நூலின் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்று இருக்கிறது. தாளுக்கே அப்படியென்றால் செல்போனுக்குச் சொல்ல வேண்டுமா?

நான் கண்ணால் பார்த்ததையும் சொல்கிறேன். என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி, நல்ல குரல். பவுலடியார் கடிதத்திலிருந்து இரண்டாம் வாசகம், பாதியில் திரை அணைந்துவிட்டது. விரலை வைக்கிறான், திறக்கவில்லை. வாசலில் தீர்த்தம் தொட்ட ஈரம் இன்னும் காயவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறான். கோயிலே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பவுலடியார் பாதி வாக்கியத்தில் நின்றார்.

எழுத்து சிறியதாக இருந்தால் கண்ணாடி போடுங்கள். சனிக்கிழமை மாலையே வீட்டில் மூன்று முறை சத்தமாக வாசியுங்கள். மனசுக்குள் வாசித்தால் நாக்குக்குப் பழகாது. பெந்தக்கோஸ்து அன்று மேடையில்தான் முதன்முதலாகக் கப்பதோக்கியாவையும் பிரிகியாவையும் பம்பிலியாவையும் போன்ற இடப்பெயர்களைச் சந்திக்கிறவர் பாடு என்ன ஆகும்? எங்கள் கோயிலில் பின்வாசல் தூணில் சாய்ந்து நிற்கும் ஒரு பெரியவர் உண்டு. அவர் தலையாட்டினால்தான் வாசகம் கேட்டது என்று அர்த்தம். மைக்கை நான் நம்புவதில்லை.

பதிலுரைப் பாடலில் ‘பல்லவி: 1அ’, ‘3ஆ–4’ என்று வருகிறதே, அது என்ன?
– வாசகி, மதுரை

ஒரு வசனத்தின் முதல் பாதி அ, அடுத்த பாதி ஆ. பாடலை எங்கே வெட்டி எடுத்தார்கள் என்பதற்கான அடையாளம், வாய்விட்டு வாசிப்பதற்கல்ல. ஒரு முறை ஒரு பெண் “மூன்று ஆ!” என்று உரக்க வாசிக்க, முன்வரிசைப் பிள்ளைகள் பதிலுக்கு “ஆ!” என்றார்கள். அவர்களைத் திட்டவும் முடியவில்லை, அது பதிலுரைப் பாடல்தானே.

தவக்காலத்தில் அல்லேலூயா தவறிப் பாடிவிட்டால் பாவமா?
– பாடகர் குழு உறுப்பினர், தூத்துக்குடி

பாவமெல்லாம் இல்லை, கீபோர்டுக்காரரின் பழக்கதோஷம். எங்கள் ஊரிலும் தவக்காலம் இரண்டாம் ஞாயிறில் ஒரு தம்பி வழக்கமான ராகத்தை ஆரம்பித்து, பாடகர் குழு ‘அல்லே...’ வரை போய் அப்படியே நின்றது. அந்த நாட்களில் நற்செய்திக்கு முன் வேறு வாழ்த்தொலி உண்டு, அதைப் பாடுங்கள். தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனிலிருந்து அல்லேலூயாவை மூடி வைத்துவிட்டு, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவு நடக்கும் பாஸ்கா திருவிழிப்பில்தான் எடுக்கிறோம். அன்று குரு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுருதியை ஏற்றி, அதைத் தொடங்க வேண்டும். எங்கள் பழைய பங்குச்சாமிக்கு மூன்றாவது முறை குரல் எட்டாது. மீதியை மக்கள்தான் பாடி முடிப்பார்கள்.