பழைய ஓஎஸ்ஸில் புது டூல் ஏறவில்லையா? லேப் அக்கா பதில்கள்

நான் ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் லேபில் இன்னும் விண்டோஸ் 7 மெஷின்கள் ஓடுகின்றன. அவற்றில்தான் பிள்ளைகள் புரோகிராம் எழுதப் பழகுகிறார்கள். "புது மெஷின் வாங்கிக்கோ" என்று சொல்வது சுலபம். வாங்க வழியில்லாதவர்களுக்குத்தான் இந்தப் பதில்கள். கேட்கும்போது மூன்று விஷயத்தை மறக்காமல் எழுதுங்கள்: ஓஎஸ் எது, 32 பிட்டா 64 பிட்டா, எரர் மெசேஜில் இருப்பது என்ன. மெசேஜைச் சுருக்காமல் ஒரு எழுத்து விடாமல் எழுதுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கும்.

கேள்வி (பி.எஸ்சி. முதலாம் ஆண்டு மாணவர்): அக்கா, அண்ணன் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப்தான் இப்போது என்னிடம் இருக்கிறது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், 32 பிட், 2 ஜிபி ராம். பைத்தான் 3.12 இன்ஸ்டாலர் தொடங்கவே மாட்டேன் என்கிறது. ஜிப்பாக வரும் 32 பிட் பைத்தானை இறக்கி விரித்து ஓட்டினேன். 'ஏபிஐ-எம்எஸ்-வின்-கோர்-பாத்' என்று தொடங்கும் டிஎல்எல் (பல புரோகிராம்கள் பகிர்ந்துகொள்ளும் நூலக ஃபைல்) காணோம் என்றது. அந்த டிஎல்எல்லை மட்டும் ஒரு சைட்டில் தனியாகத் தருகிறார்கள். இறக்கிப் போடலாமா?

பதில்: போடாதே தம்பி. அந்த டிஎல்எல் உன் மெஷினிலிருந்து தொலைந்துபோகவில்லை. விண்டோஸ் 7-இல் அது எப்போதுமே இருந்ததில்லை. ஃபைல் பாதைகளைச் சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் சில ஃபங்ஷன்களை விண்டோஸ் 8-இல்தான் சேர்த்தார்கள். பைத்தான் 3.9 முதல் அவற்றைக் கூப்பிடுகிறது. யாரோ பெயர் தெரியாதவர் கொடுக்கும் டிஎல்எல்லில் உள்ளே என்ன இருக்கிறது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எங்கள் லேபில் ஒரு பையன் இப்படி எடுத்துப் போட்டு, அந்த வாரமே அந்த மெஷினை ஃபார்மட் செய்ய வேண்டி வந்தது.

விண்டோஸ் 7-க்குக் கடைசியாக வந்த வரிசை பைத்தான் 3.8. அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. டவுன்லோட் பக்கத்தில் 3.8.20 வரை எண்கள் தெரியும். 3.8.10-க்குப் பிறகு வந்தவை எல்லாம் சோர்ஸ் கோடு மட்டும்தான், விண்டோஸ் இன்ஸ்டாலர் கிடையாது. 2021 மே மாதம் வந்த அந்த 3.8.10-ஐ எடு. 'எக்ஸ்86' என்று போட்டிருப்பதுதான் 32 பிட். '86' என்பது '64'-ஐ விடப் பெரிய எண் என்று நினைத்துத் தப்பானதை எடுப்பவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

அதை ஏற்றுவதற்கு முன் விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1 இருக்கிறதா என்று பார். ரன் பெட்டியில் வின்வெர் என்று அடித்தால் வரும் சின்ன ஜன்னலில் 'சர்வீஸ் பேக் 1' என்ற சொல் இருக்க வேண்டும். இருந்தால் மைக்ரோசாஃப்ட்டின் அப்டேட் கேட்டலாக்கில் கேபி3063858, கேபி2999226 இரண்டையும் எடுத்துப் போட்டு ரீஸ்டார்ட் செய். முதலாவது, டிஎல்எல்லைப் பாதுகாப்பாக ஏற்றும் வசதியைத் தருகிறது. அது இல்லாமல் 3.8 இன்ஸ்டாலர் நகராது. இரண்டாவது, சி மொழியின் ரன்டைம் நூலகம்.

கேள்வி (சிறு நிறுவனத்தில் வெப் டெவலப்பர்): எங்கள் சர்வர் உபுண்டு 18.04 லினக்ஸ். ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் 18 போட்டேன். நோட் என்று அடித்தாலே 'ஜிலிப்சி 2.28 நாட் ஃபவுண்ட்' என்று வருகிறது. ஜிலிப்சியை மட்டும் மேலே ஏற்றிவிட்டால் சரியாகிவிடுமா மேடம்?

பதில்: தயவுசெய்து வேண்டாம் சார். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் தப்பினால் சர்வரே போய்விடும்.

ஜிலிப்சி என்பது லினக்ஸின் சி நூலகம், கிட்டத்தட்ட எல்லா புரோகிராமும் நிற்கும் தரை. உங்கள் உபுண்டு 18.04 வந்தது 2.27-உடன். நோட் 18-இன் அதிகாரபூர்வ பில்டு 2.28 கேட்கிறது. ஒரே ஒரு படிதான் குறைவு என்பதால் எல்லோருக்கும் அந்த ஆசை வருகிறது. ஆனால் எல்எஸ், சிபி, பாஷ் என்று நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு கமாண்டும் அதே ஃபைலைத்தான் நம்பி ஓடுகிறது. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், இன்னொரு மெஷினிலிருந்து அந்த ஃபைலைக் கொண்டுவந்து பழையதன் மேல் காப்பி செய்தார்கள். அடுத்த நொடி எல்எஸ் என்று அடித்தால் 'செக்மென்டேஷன் ஃபால்ட்'. சிபியும் ஓடவில்லை, அதனால் பழைய ஃபைலைத் திருப்பி வைக்கவும் வழியில்லை. திறந்திருந்த அந்த ஒரு டெர்மினலை மூடினால் மறுபடி லாகின் ஆகாது. கடைசியில் லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, டிஸ்க்கை மவுண்ட் செய்து, பழைய ஃபைலை வைத்தபோது விடியற்காலை ஆகிவிட்டது.

செய்யக்கூடியவை இவை. டாக்கர் ஓடுகிறதென்றால் அதுதான் என் முதல் தேர்வு. அது புரோகிராமை 'கண்டெய்னர்' என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும்: அதற்குள் அதன் சொந்த ஜிலிப்சி இருக்கும், வெளியே இருப்பதைத் தொடாது. டாக்கர் முடியாதென்றால், நோட் திட்டத்தின் 'அன்அஃபீஷியல் பில்ட்ஸ்' பகுதியில் ஜிலிப்சி 2.17-க்காகக் கட்டிய நோட் 18 கிடைக்கிறது. நோட் 16-ம் நேராக ஓடும், ஆனால் அதற்கான ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டது. வெளியுலகம் தொடும் சர்வரில் அதை வைக்க எனக்கு மனமில்லை. உபுண்டு 18.04-க்கே இலவச ஆதரவு 2023 மே மாதத்தோடு நின்றுவிட்டது. ஆகவே ஒரு வார இறுதியை ஒதுக்கி, பேக்கப் எடுத்து, 20.04 வழியாக 22.04-க்கு ஏறுங்கள். 18.04-இலிருந்து நேராக 22.04-க்குத் தாவ முடியாது.

கேள்வி: விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி விஎஸ் கோட் (புரோகிராம் எழுதும் எடிட்டர்) எது?

பதில்: 1.70. விண்டோஸ் 8.1 என்றால் 1.79. போட்டதும் செட்டிங்ஸில் அப்டேட் மோடை 'நன்' (எதுவும் வேண்டாம்) ஆக்கிவிடுங்கள். நோட் வேண்டுமென்றால் விண்டோஸ் 7-க்கு 12-ஐத் தாண்டாதீர்கள். 14-இன் இன்ஸ்டாலர் விண்டோஸ் 8.1 கேட்கும்.

கேள்வி (பள்ளி கணினி ஆசிரியை): மேடம், ஒரே ஒரு மெஷினில் மட்டும் கிட் குளோன் செய்தால் (நெட்டிலிருந்து கோடை இறக்கினால்) சர்ட்டிஃபிகேட் செல்லாது என்கிறது. பைத்தான் பேக்கேஜ்களை இறக்கும் பிப்பும் அதையே சொல்கிறது. பக்கத்து மெஷினில் இரண்டும் நன்றாக ஓடுகின்றன. எஸ்எஸ்எல் சோதனையை ஆஃப் செய்துவிடலாமா?

பதில்: ஆஃப் செய்யாதீர்கள் டீச்சர். முதலில் திரையின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய மெஷினில் மதர்போர்டு பேட்டரி செத்திருந்தால், ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் தேதி பத்துப் பன்னிரண்டு வருடம் பின்னால் போய்விடும். அந்தத் தேதியில் நின்று பார்த்தால், இன்றைய சர்ட்டிஃபிகேட் இன்னும் தொடங்காத ஒன்று. கேபினட்டைத் திறந்தால் ஒரு ரூபாய் நாணயம் போல் வட்டமாக, சிஆர்2032 என்று எழுதிய பேட்டரி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள், எழுத்துள்ள பக்கம் மேலே.

தேதி சரியாக இருந்தும் அதே எரர் வந்தால், ரூட் சர்ட்டிஃபிகேட்டுகள் (மற்ற சர்ட்டிஃபிகேட்டுகளை நம்ப அடிப்படையானவை) பழசாகியிருக்கும். சைட்களுக்கு இலவசமாகச் சர்ட்டிஃபிகேட் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் பயன்படுத்திய ஒரு பழைய ரூட் 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியானது. சர்ட்டிஃபிகேட்டைச் சோதிக்கும் நூலகமான ஓபன்எஸ்எஸ்எல்லின் 1.0.2-உம் அதற்கு முந்தையவையும் அன்றிலிருந்து பல சைட்களில் தடுமாறுகின்றன. அப்போது கிட்டையும் பைத்தானையும் உங்கள் ஓஎஸ்ஸுக்கு வந்த கடைசிப் பதிப்புக்கு ஏற்றுங்கள். விண்டோஸ் 7-க்கு அது கிட் 2.46.2.

கேள்வி (சிஸ்டம் அட்மின்): சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸ். சி கம்பைலரான ஜிசிசி போட யம் (பேக்கேஜ் இறக்கும் கமாண்ட்) கொடுத்தால் மிரர்லிஸ்ட் முகவரியையே கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது. நெட்வொர்க் பிரச்சினையா?

பதில்: இல்லை. 2024 ஜூன் 30-உடன் சென்ட்ஓஎஸ் 7 முடிந்தது, அந்த முகவரியை எடுத்துவிட்டார்கள். பேக்கேஜ்கள் எல்லாம் 'வால்ட்' சர்வரில் பத்திரமாக இருக்கின்றன. ரெப்போ ஃபைலில் மிரர்லிஸ்ட் வரிக்கு முன் ஒரு ஹாஷ் போடுங்கள், பேஸ்யூஆர்எல் வரியின் ஹாஷை எடுங்கள், அதில் 'மிரர்' என்ற சொல்லை 'வால்ட்' ஆக்குங்கள். ஜிசிசி வரும். பாதுகாப்புத் திருத்தங்கள் இனி வராது.

கேள்வி (பாலிடெக்னிக் மாணவி): அக்கா, ரெக்கார்டு நோட்டில் எல்லாம் டர்போ சி. வீட்டில் விண்டோஸ் 10, 64 பிட். திறந்தால் இந்த மெஷினில் ஓடாது என்று வருகிறது.

பதில்: டர்போ சி 16 பிட் புரோகிராம்மா. 64 பிட் விண்டோஸில் அதை ஓட்டும் பகுதியே கிடையாது. பழைய டாஸ் மெஷின் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் போட்டு, டர்போ சி இருக்கும் ஃபோல்டரை அதில் மவுண்ட் செய்தால் லேபில் பார்த்த அதே நீலத்திரை வரும். எக்ஸாம் வரைக்கும் அது போதும். கூடவே மின்ஜிடபிள்யூ ஜிசிசியும் (விண்டோஸில் ஓடும் ஜிசிசி) போட்டு அதே புரோகிராம்களை எழுதிப் பார். கெட்ச் ஓடும், கிளியர்ஸ்கிரீன் ஓடாது, வார்னிங்குகளை ஆன் செய்தால் வாய்டு மெயினுக்கும் ஒன்று வரும். வேலைக்குப் போகுமிடத்தில் உனக்குக் கைகொடுக்கப்போவது அந்தப் பழக்கம்தான்.

(அந்த முதல் மாணவர் மறுபடி): அக்கா, சர்வீஸ் பேக் 1 இருக்கிறது. ஆனால் கேபி3063858 போட்டால் 'இந்த அப்டேட் உங்கள் கம்ப்யூட்டருக்குப் பொருந்தாது' என்கிறது.

பதில்: நீ இறக்கிய ஃபைலின் பெயரை முழுசாக எழுது.

மாணவர்: கடைசியில் எக்ஸ்64 என்று இருக்கிறது.

பதில்: அதேதான். எக்ஸ்86 எடு.

மாணவர்: ஏறிவிட்டது அக்கா! 3.8.10-ம் ஏறிவிட்டது. இனி நம்பை, பாண்டாஸ் என்ற பைத்தான் நூலகங்கள் வேண்டும். ஆனால் வீட்டில் நெட் இல்லை, காலேஜ் மெஷினில்தான் இறக்க முடியும். அது விண்டோஸ் 10, 64 பிட்.

பதில்: பிப் அதற்கும் வழி வைத்திருக்கிறது. காலேஜ் மெஷினில் 'பிப் டவுன்லோட்' கொடுக்கும்போது மூன்று குறிப்பு சேர்: பிளாட்ஃபார்ம் 'வின்32', பைத்தான் வெர்ஷன் '3.8', அப்புறம் 'ஒன்லி பைனரி' ஆல். உன் லேப்டாப்புக்குப் பொருந்தும் வீல் ஃபைல்களை (ஏற்றத் தயாராக இருக்கும் பேக்கேஜ்களை) அதுவே தேடி ஒரு ஃபோல்டரில் போடும். நம்பை 1.24 வரிசையும் பாண்டாஸ் 2.0 வரிசையும் வரும். 3.8-க்கு அவைதான் கடைசி, பயப்படாதே. பென்டிரைவில் கொண்டுபோய், 'நோ இண்டெக்ஸ்' கொடுத்து, 'ஃபைண்ட் லிங்க்ஸ்' என்பதற்கு அந்த ஃபோல்டரைக் காட்டி இன்ஸ்டால் செய். டென்சர்ஃப்ளோ (மெஷின் லேர்னிங் நூலகம்) மட்டும் தேடாதே, 32 பிட்டுக்கு அவர்கள் பில்டு தருவதில்லை.

இன்னொன்று. கன்ட்ரோல் பேனலில் 'பெர்ஃபார்மன்ஸ் இன்ஃபர்மேஷன்' போய், விரிவான விவரத்தைத் திற. '64 பிட் கேப்பபிள்: யெஸ்' என்று இருந்தால் உன் பிராசசர் 64 பிட், மேலே இருக்கும் விண்டோஸ் மட்டும்தான் 32. அப்படியானால் செமஸ்டர் லீவில் அதில் லேசான 64 பிட் லினக்ஸ் ஒன்றைப் போடலாம். 'நோ' என்றால் டெபியன் 12 என்ற லினக்ஸைப் போடு. 32 பிட் இன்ஸ்டாலருடன் வந்த கடைசி டெபியன் அது, பைத்தான் 3.11 கூடவே வரும். அண்ணன் வைத்த போட்டோ, டாக்குமென்ட் ஏதாவது அந்த டிஸ்க்கில் இருந்தால் முதலில் அவற்றை வெளியே எடுத்து வை. எடுத்து முடித்ததும் இங்கே எழுது, பார்ட்டிஷன் எப்படிப் பிரிப்பது என்று கூடவே இருந்து சொல்கிறேன்.