பரங்கிமலையில் எதைப் பார்ப்பது?

கேள்வி: எட்டாவது படிக்கும் மகளோடு தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு வருகிறோம். இந்தியாவை அளக்கும் வேலை பரங்கிமலையில் தொடங்கியது என்று எங்கோ படித்துவிட்டு அங்கே போயே ஆக வேண்டும் என்கிறாள். நினைவுச்சின்னம் ஏதாவது இருக்கிறதா? அரை நாள் ஒதுக்கலாமா?

பதில்: தாராளமாக ஒதுக்குங்கள். மலை உச்சியில், மாதா கோயில் இருக்கும் இடத்திலேயே, அந்த அளவை வேலையைத் தொடங்கி நடத்திய வில்லியம் லாம்டனின் மார்பளவுச் சிலை இருக்கிறது. அதை மட்டும் பார்ப்பதென்றால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் தெற்குப் பக்கம் வந்து நில்லுங்கள். உண்மையான நினைவுச்சின்னம் அந்தக் காட்சிதான்.

மகளிடம் செல்போனில் திசைகாட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய நேர் தெற்கே, 12 கிலோமீட்டரில், பெரும்பாக்கம் குன்று. 1802 ஏப்ரல் 10 அன்று லாம்டனின் ஆட்கள் இந்த மலைப் பக்கத்திலிருந்து அந்தக் குன்று வரை அளக்க ஆரம்பித்தார்கள். கையில் இருந்தது 100 அடி நீள எஃகுச் சங்கிலி. அதை 400 முறை போட்டு அளந்து முடிக்க 57 நாள் ஆனது.

ஏன் அவ்வளவு நாள்? வெயில். எஃகு சூட்டில் நீளும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்தச் சங்கிலி மூன்றரை மில்லிமீட்டர் நீளும். 400 முறைக்கு அது கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் பிழை. அதனால் சங்கிலியை மரப்பெட்டிக்குள் கிடத்தி, நிழல் கொடுத்து, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துப் பார்த்து அளந்தார்கள். நில அளவையில் இருக்கும் எனக்கு இன்றும் மலைப்பாக இருப்பது இந்தப் பொறுமைதான். இப்படி ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்தின் நீளம் சரியாகக் கிடைத்துவிட்டால், பிறகு கோணங்களை மட்டும் அளந்தே முக்கோணம் மேல் முக்கோணமாக நாடு முழுக்கப் போகலாம். அப்படித்தான் குமரி முனையிலிருந்து இமயமலை அடிவாரம் வரை ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் போனார்கள். லாம்டன் 1823-இல் இறந்துவிட, மிச்சத்தை முடித்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட்.

பரங்கிமலைக்கு மின்சார ரயிலும் மெட்ரோவும் உண்டு. மேலே வண்டி போகும் சாலை இருந்தாலும், முடிந்தால் படியேறிப் போங்கள். காலையிலேயே போய்விடுவது நல்லது. வெயில் ஏறினால் தூரம் மங்கிவிடும். ஜெபிக்க வருகிறவர்கள் இருப்பார்கள், சத்தம் வேண்டாம்.

இன்னொன்று, உங்கள் ஊர்க்காரர்களுக்கு. டெல்டாவில் குன்று கிடையாது, தென்னந்தோப்பு பார்வையை மறைக்கும். அதனால் லாம்டன் கோயில் கோபுரங்களில் ஏறிக் கோணம் அளந்தார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கோணம் அளக்கும் கருவியான, அரை டன் எடையுள்ள தியோடலைட்டைக் கயிறு கட்டி மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. வாரக்கணக்கில் உட்கார்ந்து அவரே அதைச் சரிசெய்தார். ஊர் திரும்பியதும் மகளைப் பெரிய கோயிலுக்குக் கூட்டிப் போய், அண்ணாந்து பார்க்கச் சொல்லி இதைச் சொல்லுங்கள்.